நளீமா டீச்சர் இருபது வரை எண்ணுவார்

சனிக்கிழமை காலை மாத்தளைக் கடைத்தெருவில் பருப்பு வாங்கிக்கொண்டு நின்றேன். பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் மரணச் செய்தி சொல்லும் ஜனாஸா அறிவித்தல் போனது. இன்னாரின் மகள், இன்னாரின் மனைவி என்றார்கள். யாரென்று எனக்கு விளங்கவில்லை. கடைக்கார நானா தராசை அப்படியே விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். “சேர், அது உங்கட நளீமா டீச்சர்.”

பன்னிரண்டு வருடம் பக்கத்து மேசையில் இருந்தவர். அவருடைய வாப்பாவின் பெயரைக்கூட நான் கேட்டு வைக்கவில்லை. அவரோ வந்த முதல் வாரமே என் வீட்டு நாயின் பெயர் வரை விசாரித்தவர். நின்ற இடத்திலேயே வெட்கமாகிவிட்டது.

எங்கள் பாடசாலையின் விசேட கல்விப் பிரிவில் நாங்கள் இரண்டே ஆசிரியர்கள். ஒருமுறை எங்களுக்கு நான்கு டெப், பலகைக் கணினிகள், நன்கொடையாக வந்தன. வழக்கம்போல அவற்றை இரும்பு அலுமாரியில் வைத்துப் பூட்டினோம். பிள்ளைகள் தொடுதிரையை உடைத்தால் யார் பதில் சொல்வது? பாடசாலை அதிபரின் கேள்வி அது. நானும் பலமாகத் தலையாட்டினேன். நளீமா டீச்சர் சிரித்தார். “உள்ளுக்கு வச்சாலும் பழசாகத்தானே போகுது சேர்? உடைஞ்சாலாவது எப்படி உடைஞ்சதுன்னு பாக்கலாமே!” சாவி அன்றைக்கே அவர் கைக்குப் போனது.

அந்த டெப்புகளில் ஒன்றைத் திலக்ஷிக்குக் கொடுத்தார். இரத்தோட்டைப் பக்கத் தோட்டத்திலிருந்து அம்மாவோடு பஸ்ஸில் வரும் ஒன்பது வயதுப் பிள்ளை. காது நன்றாகக் கேட்கும், பேச்சு வராது. படத்தைத் தொட்டால் டெப் அவளுக்காகப் பேச வேண்டும். “எனக்குத் தாகமாக இருக்கிறது” என்று அது வானொலிச் செய்தி வாசித்தது. திலக்ஷி அதைத் தள்ளிவிட்டாள். டீச்சர் விடவில்லை. வகுப்பில் இருந்த நீலக் கோப்பையையே படம் பிடித்து, “தண்ணி வேணும்” என்று தன் குரலிலேயே பதிந்தார். ரொட்டி, பஸ், வீடு, தன்னுடைய முகம் எல்லாம் ஏறின. “நீங்களும் ஒன்னு பேசுங்களேன் சேர்,” என்றார். “என் தொண்டையைக் கேட்டா பிள்ளை அலறி ஓடும் டீச்சர்,” என்று நழுவிவிட்டேன்.

பிள்ளையிடம் ஏதாவது கேட்டால் அவர் வாயை மூடிக்கொண்டு மனதுக்குள் இருபது வரை எண்ணுவார். அதுவரை மூச்சுக் காட்டமாட்டார். எனக்கா அந்தப் பொறுமை! பாதியில் குதித்து நானே பதிலைச் சொல்லிவிடுவேன். “சேர் இன்னைக்கும் எட்டுலயே இறங்கிட்டாரு,” என்று கேலி செய்வார்.

ஒரு பாடசாலைத் தவணை முழுவதும் இடைவேளை மணி அடித்ததும் திலக்ஷி பஸ் படத்தை அழுத்துவாள். அழுத்தி அழுத்தி, கடைசியில் தலையைச் சுவரில் முட்டுவாள். வீட்டுக்குப் போகக் கேட்கிறாள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. “வந்ததும் போகப் பாக்குது. எல்லாம் இந்தப் பலகை பழக்கின பழக்கம். வாங்கி உள்ள வைங்க,” என்று கத்தினேன். அதிபரும் என் பக்கம். அன்று அந்த டெப் அலுமாரிக்குப் போயிருந்தால் அவளுக்கு இருந்த ஒரே வாயும் போயிருக்கும்.

“வீட்டுக்குன்னா வீட்டுப் படம் ஈக்குதே சேர். என்னத்துக்கு பஸ்?” என்று கேட்ட டீச்சர், அன்று பின்னேரமே இரத்தோட்டை பஸ்ஸில் ஏறி அவர்களோடு போனார். மறுநாள் முகமெல்லாம் வெளிச்சமாக வந்தார். பஸ்ஸில் திலக்ஷி முன்னுக்குப் போய், இன்ஜின் மூடியில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு இருக்கிறாளாம். அந்த அதிர்வில் பிள்ளை அடங்கிவிடுகிறாளாம். இடைவேளைக் கூச்சல் தாங்காமல் அவள் கேட்டது அதைத்தான். எங்கள் மனையியல் அறையில் கிடுகிடு என்று நடுங்கும் பழைய பிரிஜ் ஒன்று இருந்தது. டீச்சர் அவளை அங்கே கூட்டிப்போய்க் கையை அதன் மேல் வைத்துவிட்டார். ஐந்து நிமிடம். பிறகு பிள்ளை தானாகவே வகுப்புக்கு வந்து உட்கார்ந்தாள். நான் தோற்றதில் டீச்சருக்கு ஒரு பெருமையும் இல்லை. “பிரிஜ் நின்டா என்ன செய்ற?” என்று அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்.

ஜனாஸாவுக்குப் பிறகு வந்த திங்கட்கிழமை திலக்ஷியின் அம்மா வாசலிலேயே என்னைப் பிடித்துக்கொண்டார். “டீச்சர் போயிட்டாங்கன்னு சொல்லிறாதீங்க சார். அதுக்கு என்னா வெளங்கப் போவுது.” பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வகுப்புக்குப் போனேன். திலக்ஷி உட்கார்ந்தாள், டெப்பை எடுத்தாள், டீச்சரின் முகத்தைத் தொட்டாள்.

“டீச்சர் வாங்க.”

நளீமா டீச்சரின் குரல். வகுப்பே வாசலைப் பார்த்தது. மறுபடி தொட்டாள். “டீச்சர் வாங்க.” அதிபர் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தார். “அதை அழிச்சிருங்க சேர், கேக்க முடியல்ல.” எனக்கும் முடியவில்லைதான். டெப்பைக் கையில் வாங்கிவிட்டேன். ஆனால் அது டீச்சரின் குரல் மட்டுமா? திலக்ஷியின் பேச்சும் அதுதானே.

திருப்பிக் கொடுத்தேன். முழங்காலில் உட்கார்ந்து, “டீச்சர் மௌத்தாகிட்டாங்கம்மா. இனி வரமாட்டாங்க,” என்றேன். வாயை மூடிக்கொண்டு எண்ணத் தொடங்கினேன். எட்டில் வாய் துடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டேன். பதினைந்து. அவள் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பத்தொன்பதில் விரல் நகர்ந்து பஸ் படத்தைத் தொட்டது.

மனையியல் அறைக்குப் போனோம். பிரிஜ்ஜில் அவள் கையை வைத்தாள். பக்கத்தில் நானும் வைத்தேன். வைத்துக்கொண்டு அழுதேன், சொல்வதற்கென்ன.

அவரை அறிந்தவர்களே, அவரிடமிருந்து எனக்கு வந்து சேர்ந்தது அந்த இருபதுதான். டெப்பில் டீச்சரின் படத்தை நான் அழிக்கவில்லை. அதற்குப் பக்கத்தில் என் முகத்தையும் ஏற்றி, இந்தக் கரகரத்த தொண்டையில் “சேர் வாங்க” என்று பதிந்திருக்கிறேன். திலக்ஷி இன்னும் அதைத் தொடவில்லை. எண்ணிக்கொண்டிருக்கிறேன், டீச்சர்.