மிஸ்டர் சாமுவேலின் மொழி

பத்து வயதில் நான் ஒரு கவுன்சில் படிவத்தை மாற்றினேன். வியட்நாமிய மொழிக்கும் யொரூபாவுக்கும் நடுவில் வெல்ஷ் என்ற சொல்லைச் சேர்க்க வைத்தேன். இப்படித்தான் பல வருடங்கள் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். உண்மையில் அதைச் செய்தது அம்மா. என் பங்கு, ஒரு வீட்டின் முன்னறையில் நின்று ஒரு வாக்கியம் சொன்னது மட்டும்தான்.

நாங்கள் அப்போது லண்டனில், பிளேஸ்டோவில் இருந்தோம். அம்மா வேலை செய்தது வேறு பகுதிக் கவுன்சிலில், அதாவது நகரசபையில்; இரண்டு ரயில் மாறிப் போகவேண்டும். அங்கே மொழிபெயர்ப்புப் பகுதியில் அவருக்கு ஒரு மேசை இருந்தது. ஆங்கிலம் தெரியாத ஒருவர் வீடு, அரசாங்க உதவிப்பணம், மருந்து என்று எதற்காக வந்தாலும், அவருடைய மொழி தெரிந்த ஒருவரைத் தேடிப்பிடித்து அனுப்புவது அந்தப் பகுதியின் வேலை. தமிழர் என்றால் அம்மாவே போவார்.

அது பெப்ரவரி மாதப் பள்ளி விடுமுறை. அப்பாவுக்குப் பகல் ஷிப்ட். என்னைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாததால் அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு போனார். நான் அவருடைய மேசையின் ஓரத்தில் இருந்து, பழைய படிவங்களின் பின்பக்கத்தில் குதிரைகள் கீறிக்கொண்டிருந்தேன்.

வியாழக்கிழமை காலை ஒரு தொலைபேசி வந்தது. பேசியது வயதானவர்களை வீட்டுக்குப் போய்ப் பராமரிக்கும் ஒரு கானா நாட்டுப் பெண். அவர் பார்க்கும் முதியவர் பாரிசவாதம் வந்து ஆஸ்பத்திரியில் கிடந்து திரும்பியவர். ஆங்கிலம் ஒரு சொல்லும் வரவில்லை. புத்தி தடுமாறிவிட்டது, உளறுகிறார், சாப்பாட்டைத் தள்ளி வீழ்த்துகிறார் என்று கோப்பில் எழுதியிருக்கிறார்கள். செவ்வாய்க்கிழமை கூட்டம் வைத்து, கதவு பூட்டி வைக்கும் ஒரு பராமரிப்பு இல்லத்துக்கு அவரை அனுப்பப் போகிறார்கள். ஆனால் அது உளறல் இல்லை, ஏதோ ஒரு மொழி என்று அந்தப் பெண்ணுக்குத் தோன்றியது. தொலைபேசியை முதியவரின் வாயருகில் பிடித்தார்.

அம்மா கேட்டுக்கொண்டிருந்துவிட்டுக் கண்களை அகல விரித்தார்.

‘அவருடைய பெயர் என்ன?’ என்று ஆங்கிலத்தில் கேட்டார். சாமுவேல் என்று பதில் வந்தது.

தொலைபேசியை வைத்துவிட்டு அம்மா என்னிடம் சொன்னார்: ‘எங்கடை ஆள்தான். பேரைப் பாத்தா வேதக்காரர், கிறிஸ்தவர் போலை கிடக்கு. ஆனா மரியாதை இல்லாத மனுசன், பிள்ளை. போறேடா, போறேடா எண்டு அந்தப் பொம்பிளையை விரட்டுறார்.’

ஒரு தமிழரைப் பூட்டிய வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களே என்ற பதற்றத்தில் அம்மா கோட்டை மாட்டிக்கொண்டு புறப்பட்டார். நானும் ஓடினேன்.

கானா நாட்டுப் பெண் கதவைத் திறந்தார். முன்னறையில், யன்னலோரக் கதிரையில், ரோஜா நிறக் கன்னங்களும் பஞ்சுத் தலையுமாக ஒரு பெரிய வெள்ளைக்காரர் இருந்தார். அம்மா ‘வணக்கம் ஐ...’ என்று தொடங்கியவர் அப்படியே நின்றுவிட்டார். வீடு மாறி வந்துவிட்டோமோ என்று திரும்பி வாசலைப் பார்த்தார்.

முதியவர் எங்களைப் பார்த்துத் தலையசைத்தார். ‘போரெ டா’ என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. ‘அம்மா, இது வெல்ஷ். எங்கள் வகுப்பு மிஸ் வேல்ஸ் நாட்டுக்காரர், தினமும் காலையில் இதைத்தான் சொல்லுவார். குட் மோர்னிங் என்று அர்த்தம்’ என்று ஆங்கிலத்தில் சொன்னேன். எனக்குத் தமிழ் அரைகுறையாகத்தான் தெரியும். பிறகு வகுப்பில் சொல்லுவது போலவே, நீட்டி, ராகத்தோடு, அவருக்கும் ஒரு ‘போரெ டா’ சொன்னேன்.

அந்த முகம் மாறியதை நான் இன்றுவரை மறக்கவில்லை. நல்லாயிருந்த கையால் என் விரல்களைப் பிடித்துக்கொண்டு அவர் பேசத் தொடங்கினார். விடாமல் பேசினார். எங்கள் மூவருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் அம்மா ஓரிடத்திலும் குறுக்கிடவில்லை. அவர் முடிக்கும்வரை, எல்லாம் விளங்கியவர் போல, தலையை ஆட்டிக்கொண்டு நின்றார்.

மறுநாள் அம்மா தன் மேலாளரிடம் போனார். அவர் கெட்டவர் இல்லை. பிறந்தநாளுக்கெல்லாம் அட்டையில் கையெழுத்திடுபவர். கணினியில் இருக்கும் மொழிப் பட்டியலில் வெல்ஷ் இல்லை, பட்டியலில் இல்லாத மொழிக்கு ஆள் அனுப்ப முடியாது என்றார். வெல்ஷ்காரர் எல்லோருக்கும் ஆங்கிலம் தெரியும், அதனால்தான் இல்லை என்றும் விளக்கினார்.

அம்மா வேலையிடத்தில் குரல் உயர்த்தி நான் அதற்கு முன் கேட்டதில்லை. ‘ஆங்கிலம் எனக்கும் தெரியும். இப்போது உங்களோடு அதில்தான் பேசுகிறேன். நாளைக்கு என் தலைக்குள் ஒரு நரம்பு வெடித்தால் எது மிஞ்சும் என்று உங்களுக்குத் தெரியுமா?’ என்றார்.

மேலாளர் தன் பேனையை மூடித் திறந்தார். யாராவது இலவசமாகக் கிடைத்தால் கூட்டிக்கொண்டு போங்கள், நான் பார்க்கவில்லை என்றார். நானோ அம்மாவுக்கு வேலை போய்விடும், அப்பா சத்தம் போடுவார் என்று பயந்து, கீறிய குதிரைக்கு ஐந்தாவது காலும் வைத்துவிட்டேன்.

திங்கட்கிழமை பள்ளிக்கூடம் திறந்தது. மணி அடிக்க முன்னமே அம்மா வாசலில் மிஸ்ஸை மறித்துவிட்டார். நான் ஏதோ குழப்படி செய்து மாட்டிக்கொண்டேன் என்று என் வகுப்பு முழுவதும் நினைத்தது. மிஸ் கேட்ட கேள்வி ஒன்றுதான்: ‘எத்தனை மணிக்குப் போகலாம்?’

பின்னேரம் மூவரும் போனோம். மிஸ் கோட்டைக் கழற்றாமலே அவருடைய கதிரைக்குக் கீழே நிலத்தில் இருந்துகொண்டார். இருவரும் மாறி மாறிப் பேசினார்கள். முதலில் மிஸ் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தினார். எழுந்து, அவருடைய இடது பக்கம் இருந்த சின்ன மேசையை, அதில் ஆறிக்கிடந்த தேநீரோடு தூக்கி வலது பக்கம் வைத்தார். மிஸ்டர் சாமுவேல் கோப்பையை எடுத்து ஒரு சொட்டு மிச்சமில்லாமல் குடித்தார்.

‘இடது பக்கம் இவருக்குக் கண் தெரியவில்லை’ என்றார் மிஸ். ‘ஆஸ்பத்திரியிலிருந்தே இதைத்தான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறாராம். தட்டு இருப்பது தெரியாமல் முழங்கை படுகிறது. சாப்பாட்டைத் தள்ளி வீழ்த்துகிறார் என்று எழுதிவிட்டார்கள்.’

கானா நாட்டுப் பெண் இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டார். மிஸ்டர் சாமுவேல் என்னைக் காட்டி இன்னும் ஏதோ சொன்னார். வாழ்நாள் முழுவதும் லண்டன் தெருக்களில் ஆங்கிலத்தில் பால் விற்றவராம். இத்தனை காலத்தில் ஆங்கிலேயர் ஒருவரும் தனக்கு இவ்வளவு சுத்தமாகப் ‘போரெ டா’ சொன்னதில்லையாம். அன்று வீட்டுக்கு நான் நடந்து வந்ததாக நினைவில்லை. பறந்துதான் வந்திருக்க வேண்டும்.

செவ்வாய்க்கிழமை கூட்டத்தில் நடந்ததை அம்மா அப்பாவுக்குச் சொல்லும்போது நான் மாடிப்படியில் இருந்து கேட்டேன். அம்மாவும் மிஸ் எழுதிக் கொடுத்த ஒரு பக்கக் கடிதமும் போனார்களாம். சமூக சேவை அதிகாரி முதலில் கடிதத்தை வாங்கி ஓரமாக வைத்தாராம். அம்மா ஒரு தட்டில் பிஸ்கட் வைத்து அவருடைய இடது பக்கம் நீட்டினார். மிஸ்டர் சாமுவேல் திரும்பிப் பார்க்கவில்லை. அதே தட்டை வலது பக்கம் கொண்டுபோனார். மிஸ்டர் சாமுவேல் தட்டை வாங்கி, சுற்றியிருந்த எல்லோருக்கும் நீட்டி உபசரித்துவிட்டு, கடைசியில்தான் தனக்கு ஒன்றை எடுத்தாராம்.

‘புத்தி தடுமாறின மனுசன் விருந்தாளிக்கு முதலிலை குடுக்குமோ, நீங்களே சொல்லுங்கோ’ என்று அம்மா அப்பாவிடம் கேட்டார். அப்பா அன்று சத்தம் போடவில்லை. எழுந்து போய் அம்மாவுக்குத் தேத்தண்ணி போட்டார். அதுவே எங்கள் வீட்டில் பெரிய செய்தி.

மிஸ்டர் சாமுவேல் தன் வீட்டிலேயே இருந்தார். கூட்டத்துக்கு வந்திருந்த மேலாளர், திரும்பும் வழியில், இனி என்ன செய்யவேண்டும் என்று அம்மாவைக் கேட்டார். அம்மா கைப்பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். எல்லாம் முன்னமே எழுதி வைத்திருந்தார்: படிவத்தில் வெல்ஷ், கணினியில் வெல்ஷ், வரவேற்பு மேசையில் ‘நீங்கள் வெல்ஷ் பேசுவீர்களா?’ என்று அந்த மொழியிலேயே ஒரு வாக்கியம், வயதானவர்களின் கோப்பைத் திறக்கும்போது சிறுவயதில் எந்த மொழி பேசினீர்கள் என்று ஒரு கேள்வி.

மார்ச் முதலாம் திகதி வெல்ஷ்காரர்களின் பெருநாள். அன்று மஞ்சள் தாளில் பெரிய எழுத்தில் அந்த வாக்கியம் வரவேற்பு மேசையில் ஏறியது. மிஸ் தோசை போலக் கல்லில் சுட்ட முந்திரிவத்தல் கேக்குகள் கொடுத்துவிட்டிருந்தார். பள்ளி முடிந்து நானும் போயிருந்தேன். வாசலில் நிற்கும் காவலாளி, அம்மா அங்கே சேர்ந்த நாளிலிருந்து அதே கதவைத் திறந்துவிடுகிறவர், உள்ளே வந்து மஞ்சள் தாளைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அதை உரக்க, தடங்கலில்லாமல் வாசித்தார்.

மேலாளர் கேக்கை வாயில் வைத்தபடி, ‘உங்களுக்கு வெல்ஷ் தெரியுமா?’ என்றார்.

‘அது என் தாய்மொழி’ என்றார் காவலாளி. ‘இங்கே யாரும் கேட்கவில்லை.’

எல்லோரும் கைதட்டினார்கள். அந்தக் கிழமையே காவலாளியின் பெயர் அம்மாவின் பட்டியலில் ஏறியது. வாரத்தில் ஒரு பின்னேரம் சீருடையைக் கழற்றி வைத்துவிட்டு, கவுன்சில் சம்பளத்தில், மிஸ்டர் சாமுவேலோடு பேசப் போனார். புதிய படிவம் அச்சாகி வந்தபோது அம்மா எனக்கும் ஒன்று கொண்டுவந்து தந்தார். நான் அதை வகுப்பில் காட்டினேன். மிஸ் அதைச் சுவரில் ஒட்டினார். அவ்வளவு பெரிய வெற்றி எனக்கு அதற்குப் பிறகு கிடைத்ததாகச் சொல்ல முடியாது.

அடுத்த சனிக்கிழமை நான் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா அதை நிறுத்திவிட்டு என்னைத் தன் முன்னால் இருத்தினார். பரிசு தரப் போகிறார் என்று நினைத்தேன்.

‘நான் சொல்லுறதைத் திருப்பிச் சொல்லு, பிள்ளை’ என்றார். ‘நெஞ்சு நோகுது.’

‘நெஞ்சு நோகுது.’

‘மூச்சு எடுக்க ஏலாமல் கிடக்கு. குளிருது, போர்த்துவிடு. என்னை மற்றப் பக்கம் திருப்பிவிடு. கொஞ்ச நேரம் பக்கத்திலை இரு.’

ஒவ்வொன்றையும் சொல்லவைத்து, அர்த்தம் கேட்டு, பிழையென்றால் மறுபடி சொல்லவைத்தார். தெருவில் மற்றத் தமிழ்ப் பிள்ளைகள் ஆத்திசூடி பாடமாக்கினார்கள். நான் ஒவ்வொரு சனிக்கிழமையும் நோயாளியின் வசனங்களைப் பாடமாக்கினேன். வெற்றி பெற்றவளுக்கு இப்படியொரு தண்டனையா என்று எனக்கு அழுகை வந்தது. எனக்குத்தான் ஒரு நோயும் வருத்தமும் இல்லையே, நான் எந்த டொக்டரிடம் போய் இதையெல்லாம் தமிழில் சொல்லப்போகிறேன் என்று கேட்டேன்.

அம்மா முதல் வசனத்திலிருந்து மறுபடி தொடங்கினார். அந்த வசனங்களை நான் சொல்வதற்காக அவர் பழக்கவில்லை, ஒருநாள் அவர் சொல்லும்போது நான் கேட்பதற்காகவே பழக்கினார் என்பது எனக்கு அப்போது விளங்கவில்லை.