துவைக்கக் கூடாத சேலை

வேர்வையும் மஞ்சளும் புளித்த தாய்ப்பாலும் கலந்த ஒரு வாசனை களமருதூரில் எங்கள் வீட்டுத் தூளியைச் சுற்றி ஒரு கோடை முழுக்க இருந்தது. பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் புறப்பட்ட அப்பாவும் அம்மாவும், மூன்றாம் வகுப்பில் இருந்த என்னையும் பால்குடி மறக்காத தங்கை செல்வியையும் தாத்தாவிடம் விட்டுப் போனார்கள். கைக்குழந்தையோடு வந்தால் வேலை கிடையாது என்று மேஸ்திரி சொல்லியிருந்தார். தாத்தாவின் மனைவி, எங்கள் ஆயா, முன்பே இறந்துவிட்ட வீடு. கிளம்பும்போது அம்மா, கட்டியிருந்த சேலையை மாற்றிக்கொண்டு, "தொவைக்காம வச்சிக்குங்க மாமா" என்று தாத்தாவிடம் கொடுத்தாள்.

அதைத் தலையோடு போர்த்திக்கொண்டுதான் தாத்தா புட்டிப்பால் கொடுப்பார். தெருவில் போகிறவர்கள் சிரிப்பார்கள்.

"இன்னா பெருசு, புதுப்பொண்ணாட்டம் முக்காடு போட்டுக்கினு குந்தியிருக்க?"

"பொண்ணு இல்லடா, பால்காரி."

பெண் இல்லாத வீடாயிற்றே என்று இரக்கப்பட்டு, பக்கத்து வீட்டு அஞ்சலை அத்தை ஒரு நாள் எங்கள் துணிகளோடு அந்தச் சேலையையும் சோப்புப் போட்டு அலசி வேலியில் காயப்போட்டுவிட்டாள். தாத்தா அதை முகர்ந்து பார்த்தார்.

"ஒரே அழுக்கா கெடந்துச்சி பெரியப்பா."

"அது அழுக்கு இல்லம்மா" என்றார்.

அன்று முதல் செல்வி புட்டியைத் துப்பினாள். சங்கில் புகட்டினால் கடைவாயில் வழிந்தது. அழுகை மெலிந்து முனகலாகி, உச்சிக்குழி உள்வாங்கியது. ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றி அனுப்பினார்கள். டீக்கடைக்காரரின் செல்போனில் அம்மா குரலைக் கேட்கவைத்தோம்; குழந்தை வாசலைப் பார்த்து வீறிட்டது, மறுமுனையில் அம்மாவும். ஊர் திரும்பிய ஆளிடம் அம்மா இன்னொரு சேலையை, வாசனை போகாதபடி பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி அனுப்பினாள். தாத்தா முடிச்சை அவிழ்த்தார். சிமெண்ட் வாசனை. செல்வி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

சேலையை ஓரமாகப் போட்டுவிட்டு, அவளை வெற்று மார்போடு அணைத்து, கேழ்வரகுப் பாலை விரலில் தொட்டு நாக்கில் தடவினார் தாத்தா. "வேற யாரும் வரமாட்டாங்கடி கண்ணு. நான்தான்." பொழுது சாயும்போது அவள் அந்த விரலைச் சப்பினாள்.

பொங்கலுக்கு வந்த அம்மாவைக் கண்டதும் செல்வி தாத்தாவின் துண்டுக்குள் முகம் புதைத்து அலறினாள். நீட்டிய கைகளை அம்மா வெகுநேரம் மடக்கவில்லை.

தாத்தா இப்போது இல்லை; அந்தத் துண்டும் அவரோடு எரிந்தது. ஓசூரில் கம்பெனி வேலை கிடைத்திருக்கும் செல்வி, போன வாரம் தன் குழந்தையை அம்மாவிடம் விட வந்தாள். துப்பட்டாவைக் கழற்றி நீட்டி, "தொவச்சிடாதம்மா" என்றாள்.

அம்மா வாங்கவில்லை.

"எடுத்துக்கினு போ. கொழந்த என் வாசனைக்கே பழகட்டும்."