வசனம் எடுத்துக் கொடுத்த அக்கா

அக்கா எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களும் நண்பர்களும் அவரை என்னைவிட நன்றாக அறிந்திருக்கலாம். தோட்டத்து வரிசை வீடான லயத்தில், ஒரே காம்பரா அறைக்குள் கூடப் பிறந்து வளர்ந்த எனக்கோ, அவரைப் பற்றிய ஒரு விஷயம் இன்றுவரை விளங்கவில்லை. அதைத்தான் எழுதப்போகிறேன். "வாழ்க்கை வரலாறு எழுதச் சொன்னா வழக்கு எழுதுறீங்களே மச்சான்" என்று அக்காவின் கணவரான அத்தான் கடிந்துகொண்டார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

அக்கா இலங்கை மலையகத்தில் நோர்வூட்டுக்கு மேலே உள்ள எங்கள் தேயிலைத் தோட்டத்தில் மூத்த பிள்ளையாகப் பிறந்தார். தோட்டப் பள்ளியில் இரண்டாம் வகுப்பு படிக்கையில் அம்மா நோயில் படுத்தார். அத்தோடு சிலேட்டு போய்க் கொழுந்துக் கூடை வந்தது. மீதிப் படிப்பை அக்காவுக்குக் கொடுத்தது ஒரு சிரிப்பு நாடகம்.

மாரியம்மன் திருவிழா முடிந்த மறுநாள் எங்கள் தோட்டத்தில் ஆண்டுதோறும் ஆடிய அந்த நாடகத்தை அறியாதவர் இந்தப் பக்கத்தில் குறைவு. உற்றாரின் பாசத்தைச் சோதிக்க ஒரு கஞ்சப் பிரபு செத்தவர்போல் படுத்துக்கொள்வார். யார் அழுதாலும் அசையமாட்டார். பக்கத்து வீட்டுக்காரர் வந்து, "ஊருக்கெல்லாம் பந்தி வையுங்கள்!" என்று சொன்னதும், செலவுக்குப் பயந்து துள்ளி எழுந்துவிடுவார். பிரபு வேடம் சித்தப்பாவுக்கு. பந்தி வைக்கச் சொல்லும் வேடம் அப்பாவுக்கு.

திருச்சிப் பக்கத்திலிருந்து கப்பலேறி வந்த பழைய நாடகப் புத்தகம் ஒன்று எங்கள் வீட்டில் இருந்தது. அக்காவுக்கு நாடகம் முழுவதும் காதால் கேட்டே மனப்பாடம். தெரிந்த வசனத்தை வாயால் சொல்லிக்கொண்டே அச்செழுத்தின் கீழே விரலை நகர்த்துவார். வாய் ஒரு சொல்லில் நிற்க விரல் வேறொரு சொல்லில் நின்றால் மறுபடி முதலிலிருந்து தொடங்குவார். இப்படியே மரண சாசனம், வாரிசு, அபகரிப்பு, அந்தப்புரம் எல்லாவற்றையும் பிழையின்றி எழுதப் பழகிவிட்டார். தேயிலை என்று எழுதச் சொன்னால் மட்டும் பென்சிலைக் கீழே வைத்துவிடுவார். நாடகத்தில் தேயிலை இல்லையே! விடிந்தால் பொழுதடையும்வரை கையில் இருக்கும் பொருளை எழுத முடியாமல், கண்ணால் காணாத அந்தப்புரத்தை அழகாக எழுதும் பெண்ணைப் பார்த்துச் சிரிப்பதா, வருந்துவதா என்று நான் குழம்பியிருக்கிறேன்.

ஒருமுறை கொழுந்து நிறுக்கும்போது எடை குறைத்துக் காட்டிய தராசைப் பார்த்து அக்கா, "இது அபகரிப்பு!" என்றார். எடை போட்ட கங்காணிக்குக் கோபமே வரவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "நாடகத்த மேடையோட வச்சுக்க புள்ள" என்றார். அக்கா நிஜமாகவே நியாயம் கேட்டாலும் அது வசனமாகவே போயிற்று.

பெண்கள் மேடையேறாத காலம் அது. ஆகவே, திரைக்குப் பின்னால் புத்தகத்தோடு நின்று, மறந்தவர்களுக்கு வசனம் எடுத்துக் கொடுக்கும் வேலை அக்காவுக்கு வந்தது. வெளித்தோட்டத்து உறவினர்களுக்கு அழைப்புச் சீட்டு எழுதுவதும் அவரே. நாடகத்தின் முதல் வசனம்தான் எப்போதும் அழைப்பு: "பிரபு நமனுலகு புகுந்தார்! பந்துக்கள் விரைந்து வருக!"

பிறகு குடியுரிமைச் சட்டம் வந்து, தோட்டத்து ஆட்களை எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாதவர்கள் ஆக்கியது. அப்பா இலங்கைக் குடியுரிமைக்கு மனுப் போட்டார். சித்தப்பா இந்தியாவுக்குப் போவதாக எழுதிக் கொடுத்தார். "அப்பன் ஆத்தாளப் பொதைச்ச மண்ண விட்டுட்டுப் போவியாடா?" என்று அப்பா கேட்டார். "நம்மள வேணாம்னு சொன்னவங்ககிட்ட நீங்க கெஞ்சுங்கண்ணே. இனி உங்க சாவுக்கும் வரமாட்டேன், இது சத்தியம்" என்று சொல்லிவிட்டுச் சித்தப்பா பொகவந்தலாவைப் பக்கம் வேறு தோட்டத்துக்குப் போய்விட்டார்.

ஆனாலும் நாடகத்துக்கு மட்டும் வருவார். அது தோட்டத்துப் பொது விஷயம். செத்தவராகப் படுப்பார், அப்பா பந்தி வைக்கச் சொல்வார், எழுந்திருப்பார். எங்கள் காம்பராப் பக்கம் திரும்பாமலே போய்விடுவார். ஆண்டு முழுவதற்கும் அண்ணன் தம்பிக்குள் நடந்த பேச்சு அந்த ஒரு வசனம்தான்.

ஓர் ஆண்டு, திருவிழாவுக்குச் சில நாட்கள் இருக்கும்போது அப்பா காலமானார். சாவுச் செய்தியான கேதம் சொல்ல ஆள்தான் போகவேண்டும், சீட்டில் எழுதி அனுப்புவது நம் வழக்கம் இல்லை. எல்லாத் தோட்டங்களுக்கும் ஆள் போனது. சித்தப்பாவிடம் போக மட்டும் ஒருவரும் முன்வரவில்லை. "சாவுக்கு வரமாட்டேன்னு சத்தியம் பண்ணவருகிட்ட எந்த மொகத்தோட போறது?" என்றார்கள். கூடப் பிறந்தவர் தோள் கொடுக்காமல் அப்பாவின் பாடை எழப்போகிறது என்றுதான் நான் நினைத்தேன். அக்காதான் ஒரு சீட்டு எழுதி பஸ் கண்டக்டரிடம் கொடுத்துவிட்டார்.

மத்தியான பஸ்ஸில் சித்தப்பா வந்தார். தோளில் வேடத்துக்கான தாடி மீசைப் பை. முகமெல்லாம் சிரிப்பு. "என்னடா, இந்த வருசம் நாடகத்த முன்னுக்கே வச்சிட்டீங்களா?" என்று கேட்டுக்கொண்டே லயத்து முன்னால் வந்தவர், படுத்திருப்பது யார் என்று பார்த்தார். கையிலிருந்த சீட்டு கீழே விழுந்தது. வழக்கமான அழைப்பு வசனம்தான் அதில் இருந்தது.

சித்தப்பா அப்பாவின் காலடியில் போய் நின்றார். மேடையில் பேசும் அதே உரத்த குரலில், "ஊருக்கெல்லாம் பந்தி வையுங்கண்ணே!" என்றார். கூட்டத்தில் இரண்டொருவர் பழக்கத்தில் சிரித்துவிட்டார்கள். எழுந்துவிடுவாரோ என்று நானும் அப்பாவின் முகத்தைப் பார்த்தேன். மறுபடியும் சொன்னார். அப்புறம் மண்ணில் விழுந்து அழுதார். பாடைக்கு முன்தோள் கொடுத்தவர் அவர்தான். கருமாதி முடியும்வரை எங்கள் காம்பராவை விட்டு அவர் போகவில்லை.

சாவைக் கேலியாக்கிவிட்டாள் என்று பாதி உறவினர் அக்காவை ஏசினார்கள். அண்ணன் தம்பியைச் சேர்த்து வைத்தாள் என்று மீதிப் பேர் மெச்சினார்கள். வேறு சொல் தெரியாமல் அப்படி எழுதினாரா? செத்துப்போனார் என்ற சொல் நாடகத்திலும் இருக்கிறது. ஆனால் அப்பா என்ற சொல் இல்லை. புத்தகத்தை முழுவதும் புரட்டிப் பார்த்துவிட்டேன். ஒருநாள் தெளிந்தாற்போல் இருக்கும், மறுநாள் குழம்பிவிடும்.

பின்னர் அக்கா அத்தானை மணந்து, இரண்டு பிள்ளைகளைப் பெற்று, மழையிலும் பனியிலும் உழைத்து நெஞ்சு நோய்க்கு ஆளானார். ஆஸ்பத்திரிக் கட்டிலருகே உட்கார்ந்து கடைசியாக ஒருமுறை கேட்டேன். "அக்கா, அந்தச் சீட்ட வேணும்னேதான் எழுதுனியா?"

"எடுத்துக் குடுக்கிறதுதான்டா என் வேல. பேசுறது அவங்கவங்க பாடு" என்றார். பிறகு வந்தது சிரிப்பா இருமலா என்றுகூட எனக்குத் தெரியவில்லை.

அக்காவின் நோயில் இரவு பகல் பாராமல் துணையிருந்த லயத்துப் பெண்களுக்கும், ஆஸ்பத்திரித் தாதிமாருக்கும், லொறி கொடுத்து உதவிய ஹட்டன் கடைக்காரருக்கும், கடைசிவரை இந்தியாவுக்குப் போகாமல் இருந்து அக்காவின் பாடைக்கும் முன்தோள் கொடுத்த சித்தப்பாவுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி உரியது. நினைவு நாளன்று ஊருக்கெல்லாம் பந்தி வைக்கிறோம். அனைவரும் வந்து சாப்பிட்டுப் போகவேண்டும்.

இதற்கு மேல் ஏதாவது சொல்லித்தான் முடிக்க வேண்டும். என்ன சொல்வதென்று தெரியாமல் நிற்கிறேன். எடுத்துக் கொடுக்க அக்கா இல்லை.