மாமி கட்டிக்கொண்ட காப்பு

எங்கள் அம்மனைக் கும்பிடுகிற உங்கள் எல்லோருக்கும் இதைச் சொல்லியே ஆகவேண்டும் என்று ரொம்ப நாளாக மனசில் கிடக்கிறது. இந்த வருசம் கொடி ஏறினதும் அடக்க முடியவில்லை.

கல்யாணமாகி பல வருசம் எனக்கு வயிறு திறக்கவில்லை. எல்கடுவ தேயிலைத் தோட்டத்தில் பிறந்து மாத்தளை டவுனுக்கு வாக்கப்பட்டு வந்தவள் நான். என் வீட்டுக்காரர் செல்வத்துக்கு மிளகாய் அரைக்கிற மில்லில் வேலை. வீட்டில் நாங்கள் இரண்டு பேரும் மாமியாரும்தான். மாமி வாயைத் திறந்தால் மில்லே தோற்றுப்போகும்.

நான் சுற்றாத மரமில்லை, குடிக்காத கசாயமில்லை. ஒருநாள் பக்கத்து வீட்டு வளைகாப்புக்குச் சேலை மாற்றிக்கொண்டு புறப்பட்டேன். மாமி வாசலில் மறித்து, "நீ எதுக்கு? வீட்டுல இரு. நான் போயிட்டு வந்துர்றேன்" என்றார். சேலையை மடித்து வைத்துவிட்டு அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். 

கடைசியில் டொக்டரைப் பார்க்க முன்கூட்டியே நம்பர் போட்டு, கண்டியில் குழந்தைப்பேறு சிகிச்சை செய்யும் நிபுணர் ஒருவரிடம் போனேன். தனியாகத்தான் போனேன். குறை என்றால் அது பொம்பளையிடம்தான் என்று நானே நம்பிக்கொண்டிருந்த காலம் அது. டொக்டர் சிங்களவர். எல்லா டெஸ்ட்டும் எடுத்துப் பார்த்துவிட்டு, "நோனாவுக்கு ஒண்ணும் இல்ல. மஹத்தயா எங்க?" என்று கேட்டார். நோனா நான், மஹத்தயா என் வீட்டுக்காரர்.

"வேலைக்குப் போயிருக்காரு டொக்டர்."

"அடுத்த முறை அவரும் வந்து டெஸ்ட் எடுக்கணும். நோனா மட்டும் வந்தா சரிவராது."

இவரைக் கூட்டிப்போவது லேசுப்பட்ட காரியமா? ஒரு தடவை மில்லில் மெசின் பழுது என்றார். இன்னொரு தடவை காய்ச்சல் என்று போர்த்திக்கொண்டு படுத்தார். மூன்றாவது முறை டொக்டர் வரும் நாள் கிடைத்தபோது, அதற்குப் பிறகு அவர் வெளிநாடு போகிறார், எப்போது திரும்புவார் என்று தெரியாது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். எனக்கும் வயசு ஏறிக்கொண்டிருந்தது. பார்த்தால் அந்த நாள் மாசித் திருவிழாவுக்கு நடுவில் விழுந்தது.

எங்கள் வீட்டில் வருசா வருசம் ஓர் ஆம்பளை காப்புக் கட்டித் தீச்சட்டி எடுக்க வேண்டும். அது இவருடைய அப்பா காலத்திலிருந்து வரும் வழக்கம். காப்புக் கட்டினால் அதை அவிழ்க்கும்வரை ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. உங்களுக்குத் தெரியாததா?

"காப்புக் கட்டிக்கிட்டு நான் எப்புடி கண்டிக்கு வர்றது? அதுவும் விரதத்துல போயி அந்த டெஸ்ட்டுக்கு... சீச்சீ!" என்றார் இவர். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி! சாமிக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிற மனுசனை என்னதான் செய்வது?

காப்புக் கட்டும் நாள் காலையில் கோயிலில் கூட்டம் நெரிந்தது. சாம்பிராணிப் புகையில் கண் எரிந்தது. நான் அம்மன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். வாய் அசையவில்லை, மனசுக்குள்தான் கேட்டேன். "அம்மா, புள்ள கேட்டுக் கேட்டு எனக்கே சலிச்சுப் போச்சு. இன்னைக்கு அதக் கேக்கல. இந்த மனுசன ஒரே ஒரு தடவ என்கூட பஸ் ஏத்திவிடு. போதும்."

இவர் முறை வந்தது. பூசாரி மஞ்சள் கயிற்றை எடுத்தார். இவர் கையை நீட்டினார்.

அந்தக் கையைத் தட்டிவிட்டு இன்னொரு கை நீண்டது. மாமியின் கை.

"எனக்குக் கட்டுங்க சாமி. இந்த வருசம் எங்க வீட்டுக்கு நான்தான்."

"அம்மா, உனக்கென்ன பைத்தியமா? நம்ம வீட்டுல பொம்பள எப்ப காப்புக் கட்டியிருக்கு?"

"டேய், தள்ளு. தீச்சட்டிய நான் தூக்குறேன். நீ கண்டிக்குப் போ. இந்தப் புள்ள ஒத்தையா பஸ் ஏறுறத நான் எத்தன நாளைக்குப் பாத்துக்கிட்டு இருக்கிறது?"

 என்னை வளைகாப்புக்கு வராதே என்று சொன்ன அதே வாய்! பூசாரி ஒரு நிமிசம் யோசித்தார். பிறகு அம்மனைத் திரும்பிப் பார்த்துவிட்டு, மாமியின் கையில் காப்பைக் கட்டினார்.

கண்டி பஸ் பாதி வழியில் அக்குறணையைத் தாண்டியது. இவர் ஜன்னல் பக்கம் பார்த்தபடியே, "என்கிட்ட குறைன்னு சொல்லிட்டாங்கன்னா?" என்றார். அப்போதுதான் அந்த மனுசனின் பயம் எனக்குப் புரிந்தது. "சொன்னா மருந்து குடிப்போம். நான் குடிக்காத மருந்தா?" என்றேன். சிரித்துவிட்டார்.

குறை இவரிடம்தான் இருந்தது. சின்ன ஒப்பரேசனில் சரியாகிற குறை. வெளிநாடு போகும் முன் அந்த டொக்டரே அதற்கு வழி செய்து கொடுத்தார்.

தீச்சட்டி அன்று மாமி வெறுங்காலோடு, வேப்பிலை செருகிய மஞ்சள் சேலையில், கையில் நெருப்போடு வந்தார். நான் குடத்து மஞ்சள் தண்ணீரை அவர் காலில் ஊற்றினேன். வெயிலில் கொதித்த பாதம். மாமி குனிந்து என்னைப் பார்த்து, "அழாம ஊத்துடி" என்றார். அவர் கண்ணிலும் தண்ணீர்.

அடுத்த மாசித் தேர் வந்தபோது நான் வயிற்றுப் பிள்ளைக்காரி. என் வளைகாப்பில் முதல் வளையலைப் போட்டது மாமிதான். "தாலியறுத்தவ முதல்ல போடலாமா?" என்று யாரோ முணுமுணுத்தார்கள். நான் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

மகள் இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். வாய் அப்படியே அவள் அப்பாயியின் வாய். மாமி போய்ச் சேர்ந்துவிட்டார். தவில் சத்தம் கேட்டால் இன்னும் அந்த மஞ்சள் சேலையைக் கூட்டத்தில் தேடுகிறேன். அம்மா, நான் கேட்டது ஒரு பஸ் பயணம். நீ எனக்கு ஒரு தாயையும் ஒரு மகளையும் கொடுத்தாய்.

மாமிக்குப் பிறகு எங்கள் வீட்டுக் காப்பு என் கையில்தான். பிள்ளைக்காகத் தவிக்கிற தங்கச்சிமாரே, அம்மாவிடம் தயங்காமல் கேளுங்கள். கேட்டுவிட்டு டொக்டரிடம் இரண்டு பேருமாகப் போங்கள். உங்கள் வீட்டுக்காரரும் காப்பைக் காட்டி மறுத்தால் என்னிடம் வந்து சொல்லுங்கள். எனக்கு இன்னொரு கை இருக்கிறது, அதில் உங்கள் வீட்டுக் காப்பைக் கட்டிக்கொள்கிறேன்.