கடிகாரத்துக்கு வைத்த பொட்டு

சித்தப்பா மகன் என்னைவிடச் சில மாதங்கள் இளையவன். அதை அவன் ஒருநாளும் மறந்ததில்லை. வாய்க்கு வாய் "அண்ணே, அண்ணே" என்பான். அந்த மரியாதைதான் எனக்கு எரிச்சல். மீன்சுருட்டிப் பக்கத்திலிருந்து ஜெயங்கொண்டத்துக்குச் சைக்கிள் மிதித்து, நாங்கள் இருவரும் சாயங்காலம் போய்வந்த தேகப்பயிற்சிக் கொட்டகையில், அவன்தான் பெரிய பலசாலி என்று எல்லோரும் சொல்லிக்கொண்டார்கள்.

எனக்கு வயிறு எரிந்தது. இதில் மறைக்க என்ன இருக்கிறது? வீட்டில் சண்டை போட்டுப் பச்சை முட்டை குடித்தது நான். ராத்திரியே கொண்டைக்கடலை ஊறவைத்து, விடிந்ததும் மென்றது நான். அவனோ பழைய சோற்றைக் குடித்துவிட்டு, பகலெல்லாம் முந்திரித் தோப்பில் கழி வெட்டிவிட்டு வருவான். வந்ததும் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டுவான், குனிவான், தூக்குவான். உடம்பு அவனுக்கு இனாமாக வந்தது போல இருக்கும். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

ஆனால் எனக்கு ஓர் ஆறுதல் இருந்தது. எங்கள் கொட்டகையில் இரும்பு எடைகள் கிடையாது. அரியலூர்ப் பக்கம் சிமெண்டுக்கா பஞ்சம்? எண்ணெய் டின்னில் சிமெண்டையும் ஜல்லியையும் குழைத்து ஊற்றி, நடுவில் குழாயைச் செருகிக் காயவைத்ததுதான் எடை. எந்த டின் எவ்வளவு கனம் என்று ஊற்றியவனுக்கே தெரியாது. அதனால் அவன் எதைத் தூக்கினாலும், "அது மணல் சாஸ்தி போட்ட டின்னுடா, லேசு" என்று ஒரு வார்த்தை சொல்லிவைப்பேன். பக்கத்தில் இருப்பவன் தலையாட்டுவான். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரும்.

எண்பதுகளின் தொடக்கத்தில் அந்தத் தூக்கமும் போயிற்று. கொட்டகையை நடத்திய டிரில் மாஸ்டர் திருச்சியில் யாரிடமோ கேட்டு, பழைய சாமான் ஒன்றை வாங்கிவந்தார். கீழே நிற்க ஓர் இரும்புப் பலகை, அதன் மேல் வட்டமாக ஒரு முகம், அதிலிருந்து சங்கிலி, சங்கிலி முனையில் கைப்பிடி. பலகைமேல் ஏறி, முழங்காலை லேசாக மடக்கி, கைப்பிடியை மேலே இழுக்க வேண்டும். உள்ளே இருக்கும் ஸ்பிரிங் எவ்வளவு இழுபடுகிறதோ அதை முள் காட்டும். முள் இரண்டு. கறுப்பு முள் இழுக்கும்போது ஏறி, விட்டதும் இறங்கிவிடும். சிவப்பு முள் கறுப்பு தள்ளிய உச்சத்திலேயே நின்றுகொள்ளும். பாடாலூர் தாண்டி பஸ் போட்ட ஒரு பிரேக்கில் மேல் கண்ணாடி உடைந்துபோய், முகம் திறந்தபடியே வந்து சேர்ந்தது. நாங்கள் அதைக் கடிகாரம் என்றோம்.

முதல் நாளே அவனும் இழுத்தான், நானும் இழுத்தேன். அவன் சிவப்பு முள் எனக்கு மேலே இரண்டு கோடு தள்ளி நின்றது. இனி டின்னைக் குறை சொல்ல முடியாது. அதுவரை ஊரார் பேச்சாக இருந்தது அன்று கண்ணெதிரே கோடாக நின்றது. அந்த இரண்டு கோட்டைப் பார்த்த கண்ணுக்கு வேறொன்றும் தெரியவில்லை.

அந்த நேரம் பார்த்து டிரில் மாஸ்டர் சொன்னார். "திருச்சியில மாவட்டப் போட்டி. நம்ம கொட்டாயிலேருந்து ஒருத்தனத்தான் அனுப்ப முடியும். நான் யாரையும் சொல்ல மாட்டேன். சரஸ்வதி பூசை முடிஞ்ச மறுநாள் இழுங்க. முள்ளு யாரச் சொல்லுதோ அவன் போவட்டும்."

போட்டி என்றால் எனக்கு உயிர். அதைவிட, அவன் போய் நான் பஸ் ஸ்டாண்டில் நின்று கையசைப்பதை நினைத்தாலே சோறு இறங்கவில்லை. அந்த நாட்களில் நான் பயிற்சி செய்ததைவிட அவனைக் கவனித்ததுதான் அதிகம். நிஜமாகவே முழு பலத்தோடு இழுக்கும்போது அவனுக்கு இடது காதுக்குக் கீழே ஒரு நரம்பு விரல் தடிமனுக்குப் புடைக்கும். கால் பெருவிரல்கள் இரண்டும் பலகையை விட்டு மேலே எழும்பும். அவன் அம்மாவுக்குக்கூட இது தெரிந்திருக்காது. எனக்குத் தெரியும்.

பூசை வந்தது. கொட்டகையில் இருந்த டின், குழாய், கயிறு எல்லாவற்றையும் கழுவி வரிசையாக வைத்து, டிரில் மாஸ்டரே தன் கையால் சந்தனமும் குங்குமமும் வைத்தார். புதிதாக வந்த சாமான் என்று கடிகாரத்துக்குத் தாராளமாகவே வைத்தார். முகத்துக்கு நடுவே, இரண்டு முள்ளும் பொருந்தியிருந்த ஆணிமேல், குழைத்த சந்தனம் அப்பிப் பெரிய பொட்டு. பூசை வைத்த சாமானை அன்றைக்குத் தொடக் கூடாது. பொரி, கடலை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டோம்.

மறுநாள் மூத்தவன் என்று என்னைத்தான் முதலில் இழுக்கச் சொன்னார்கள். நான் மாட்டேன் என்றேன். அவன் எவ்வளவு என்று தெரிந்துகொண்டு இழுக்கத்தான் எனக்கு ஆசை. அவன் சரி என்று ஏறினான். நரம்பு புடைத்தது, பெருவிரல்கள் எழும்பின. ஆனால் சிவப்பு முள் பாதியை ஒட்டித் திணறி நின்றுவிட்டது. எனக்கு உள்ளுக்குள் நாதஸ்வரம்.

நான் ஏறி இழுத்தேன். என் பிறப்பில் நான் இழுத்த பெரிய இழுப்பு அதுதான். அவனுடைய பழைய அளவையும் தாண்டி ஒரு கோடு ஏறியது. எனக்கு வாயெல்லாம் பல்.

அப்போதுதான் டிரில் மாஸ்டர் குனிந்து முகத்தின் அடிவிளிம்பைத் தடவினார். காய்ந்த சந்தனம் பொருக்குப் பொருக்காக விரலில் வந்தது. "அட கருமமே, நானேதான் வச்சேன். முள்ளு ஒட்டிக்கிச்சு. தம்பி இழுத்த இழுப்புல உதிர்ந்திருக்கு, அப்புறம் அண்ணங்காரனுக்குச் சுளுவா ஓடிருச்சு. தம்பி, இன்னொரு தரம் இழுடா." துண்டால் ஆணியைத் துடைத்து, சிவப்பு முள்ளை விரலால் பின்னே தள்ளி வைத்தார்.

அவன் என்னை ஒருமுறை பார்த்தான். பிறகு ஏறினான், இழுத்தான். எல்லோரும் முள்ளைப் பார்த்தார்கள். நான் அவன் காதைப் பார்த்தேன். அங்கே ஒன்றுமே இல்லை. பெருவிரல்கள் பலகையில் படிந்தே இருந்தன. முள் என் கோட்டுக்கு ஒரு மயிரிழை கீழே வந்து நின்றது. அவ்வளவு கச்சிதமாக நிறுத்தவும் ஒரு பலம் வேண்டும். கைதட்டினார்கள். என் கழுத்தில்தான் மாலை விழுந்தது.

திரும்பும் வழியில் சைக்கிளை அவன் முன்னால் குறுக்கே நிறுத்தினேன். "ஏன்டா வுட்டுக்குடுத்த?"

"இல்லண்ணே, நல்லாத்தான் இழுத்தேன்."

"எங்கிட்ட பொய் சொல்லாத. உன் காத பாத்துக்கிட்டுத்தான் நின்னேன்."

ஹேண்டில்பாரைப் பார்த்தபடியே சொன்னான்: "நீ கடல ஊற வெக்கிறத தெனமும் பாக்குறேன்ணே. நீ போவலன்னா செத்துருவ. எனக்கு இழுத்தாப் போதும், போவணும்னு இல்ல."

அறைந்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. பலத்தில்தான் மிஞ்சுகிறான் என்று இருந்தேன். மனசிலும் மிஞ்சினான். அந்தப் பொறாமைக்குக் கொண்டைக்கடலையா உதவும்?

திருச்சிக்குப் போனேன். ஒரு கோப்பையும் வாங்கிவந்தேன். ஊரில் அவன்தான் முதல் ஆளாக என்னைத் தோளில் தூக்கினான். என் கேள்விக்கு மட்டும் எந்த ஊரிலும் பதில் கிடைக்கவில்லை. அன்றைக்கு நான் இழுத்த அந்த இழுப்பை அவன் முழு பலம் தாண்டியிருக்குமா, இருக்காதா? ஒருவேளை நான் நிஜமாகவே ஜெயித்திருக்கலாம். அதைத் தெரிந்துகொள்ள விடாமல் செய்துவிட்டானே என்று அவன்மேல் எனக்கு இன்னும் கோபம்.

போன மாதம் என் வீட்டுக்கு அரிசி மூட்டை வந்தது. "நீ வுடுண்ணே, முதுகு புடிச்சுக்கும்" என்று சொல்லிவிட்டு, பேரன் எடுத்த அந்த மனிதன் குனிந்து மூட்டையைத் தோளுக்கு ஏற்றினான். என் மனைவி மூட்டை கிழிந்திருக்கிறதா என்று பார்த்தாள். நான் அவன் இடது காதைப் பார்த்தேன்.