எதிர்வீட்டுக்காரிக்கு ஜெபம் கேட்டேன்

நான் ரப்பர் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு வரைதான் படித்தேன். பைபிளை இன்றைக்கும் விரல் வைத்துத்தான் வாசிப்பேன். ஆனாலும் பிரிக்ஃபீல்ட்ஸ் சபையில் நான் எழுந்து நின்றால் பாஸ்டர் முதற்கொண்டு காது கொடுத்துக் கேட்பார்கள். அந்த மரியாதை சும்மா வந்ததில்லை.

எங்கள் அடுக்குமாடியில் எதிர்வீட்டுக்காரி பூக்கடை வைத்திருந்தாள். முருகனைக் கும்பிடுகிறவள். சனிக்கிழமை கடை மூடி வரும்போது சர்ச்சுக்கென்று ஒரு பை சம்பங்கி கொடுப்பாள். "உங்க சாமிக்கும் வாசம் புடிக்கும்தானே, வாங்கிக்கோ லா" என்பாள். தலை சீவிப் பொட்டு வைக்காமல் குப்பை கொட்டக்கூட வெளியே வரமாட்டாள்.

வயிற்றில் கட்டி என்று டாக்டர் சொன்னபிறகு அவள் படுத்துவிட்டாள். காலையில் கஞ்சி நான்தான் கொண்டுபோவேன். "உப்பே இல்ல. போடக் கூடாதுன்னு உங்க பாஸ்டர் சொன்னாரா?" என்று கிண்டல் பண்ணிக்கொண்டே குடிப்பாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து மனசுக்குள் ஜெபிப்பேன். அவளுக்கும் தெரியும். "முடிஞ்சிருச்சா? சரி, கிண்ணத்த எடுத்துட்டுப் போ" என்பாள்.

புதன்கிழமை ஜெபக்கூட்டத்தில் விண்ணப்பம் சொல்வது எங்கள் வழக்கம். யாருக்கு என்ன கஷ்டமோ எழுந்து சொன்னால் எல்லோரும் முழங்காலில் நிற்போம். நானும் எழுந்து சொன்னேன். அவள் பேர், வியாதி, எந்த மாடி, எல்லாம். ஆண்டவரிடம் அரைகுறையாகப் பேசி எனக்குப் பழக்கமில்லை.

சபையில் அப்போதுதான் வெளி ஆட்களுக்குச் சுவிசேஷம் சொல்ல மிஷன் குழு ஆரம்பித்திருந்தார்கள். அந்தச் சனிக்கிழமை நான் காய்கறி வாங்கப் பாசாருக்குப் போன நேரம் பார்த்து, அந்தக் குழு கிட்டாரோடு அவள் வீட்டுக்குப் போயிருக்கிறது. கட்டிலைச் சுற்றி நின்று பாடி, தலையில் கைவைத்து ஜெபித்து, படமும் எடுத்திருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை சபைத் திரையில் அந்தப் படம் வந்தது. கலைந்த முடி, பொட்டில்லாத நெற்றி, மிரண்ட கண். கீழே "நமது மிஷன் களம்" என்று போட்டிருந்தது. நான் எழுத்துக்கூட்டி முடிப்பதற்குள் சபை கைதட்டிவிட்டது.

ஆராதனை முடிந்ததும் பாஸ்டரிடம் போனேன்.

"அம்மா, நீங்க சொல்லித்தானே போனாங்க? பிள்ளைங்களுக்கு ஆத்தும பாரம். மிஷன்னா சபை வெளிய போகணும்லம்மா?"

"போகட்டும் பாஸ்டர். கதவத் தட்டினா, உள்ள இருக்கிறவ தலைய சீவிட்டு வர்ற வரைக்கும் நிக்கத் தெரியணும்."

அவர் குழுவைக் கூப்பிட்டுப் படத்தை நீக்கச் சொன்னார், நீக்கினார்கள். ஆனால் சபையில் பாதிப்பேர் அவள் கடையில் பூ வாங்கியவர்கள். "உங்கம்மா எங்க சபைப் பக்கம் வந்துட்டாங்களாமே?" என்று ஒருத்தி அன்றைக்கே, கடையைக் கவனித்துக்கொண்டிருந்த எதிர்வீட்டுக்காரியின் மகளிடமே கேட்டுவிட்டாள்.

மறுநாள் கஞ்சியோடு போனேன். கிரில் கதவு பூட்டியிருந்தது. உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது.

"எனக்கு இப்படின்னு உங்க ஆளுங்களுக்கு யாரு சொன்னது?"

"நான்தான். ஜெபத்துக்குச் சொன்னேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டியா?"

அவள் என்னிடம் கடைசியாகப் பேசியது அதுதான். கஞ்சி ஆறும்வரை அங்கேயே நின்றேன். அந்த வாரமே மகள் அவளைக் கிள்ளானில் தன் வீட்டுக்குக் கூட்டிப்போய்விட்டாள். ஜெபம் கேட்டதைத் தப்பு என்று இன்றைக்கும் சொல்லமாட்டேன். ஆனால் சனிக்கிழமை சாயங்காலம் வந்தால் அந்தக் கதவைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

அவள் இறந்துபோன செய்தியைப் பூக்கடைக்குப் பக்கத்துக் கடைக்காரர் வந்து சொன்னார். ரயில் ஏறிக் கிள்ளானுக்குப் போனேன். வாசலில் நின்ற மகள் முதலில் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் தோளுக்குப் பின்னால் பார்த்தாள்.

"யாரையும் கூட்டிட்டு வரலியே ஆன்டி?"

"இல்லம்மா. நான் மட்டும்தான்."

வழிவிட்டாள். நன்றாகத் தலை சீவி, பெரிய பொட்டு வைத்துப் படுக்க வைத்திருந்தார்கள். எந்தச் சாவு வீட்டிலும் கண்ணை மூடி ஜெபிக்காமல் நான் திரும்பியதில்லை. அன்றைக்கு மகள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். கண்ணைத் திறந்தே வைத்திருந்தேன். மனசுக்குள் ஜெபித்தது உதட்டில் தெரியாமல் பார்த்துக்கொண்டேன்.