நாற்பத்திரண்டு பெட்டிகளும் ஒரு ஜோடி செருப்பும்

இன்று எங்கள் பள்ளிக் கண்காட்சியில் நடந்ததை ஒன்று விடாமல், உள்ளபடியே எழுதப்போகிறேன். நான் அசடு வழிந்த இடங்களையும் சேர்த்து!

நானும் என் வகுப்பு நவீனும் சேர்ந்து ஒரு சின்ன வீடியோ கேம் செய்திருந்தோம்.

கோடிங், படம் எல்லாம் அவன். கதை நான். (பதினொன்றாம் வகுப்பில் நூலக அட்டை கிழியும் அளவுக்குப் படிப்பவள் நான் ஒருத்திதான் என்பதால் கிடைத்த வேலை.)

கதை இதுதான். கோவளத்தில் கடலோரமாக ஒரு வீடு. மீன்பிடிக்கப் போன அப்பா திரும்பவில்லை. கேமை ஆடுகிறவர்தான் அந்த மகள். வீட்டைச் சுற்றிவந்து, அப்பாவுக்கு என்ன ஆயிற்று என்று கண்டுபிடிக்க வேண்டும்.

எந்தப் பொருளைத் தொட்டாலும் திரையின் அடியில் ஒரு பெட்டி திறக்கும். அதில் நான் எழுதிய வரிகள் வரும்.

மொத்தம் நாற்பத்திரண்டு பெட்டிகள்! கொள்ளுத் தாத்தா காலத்துப் புயல்கூட உண்டு.

நவீனுக்கு இது பிடிக்கவில்லை.

"ஜெனி, கேம்ல கதை சொல்ல நிறைய வழி இருக்கு. சிலது சினிமா மாதிரி, கையைக் கட்டிக்கிட்டு பாக்கணும். சிலதுல டைரி, லெட்டர்னு அங்கங்க கிடக்கும். சிலது வாயே திறக்காது. எரிஞ்ச கட்டில் ஒண்ணு, ரெண்டு தட்டு, அவ்ளோதான். மீதிய நாமளே யோசிச்சுக்கணும்."

"யோசிக்கலன்னா?"

"யோசிக்கலன்னா போகட்டும்! நீ கேமுக்குள்ள ஹிஸ்டரி நோட்ஸ் குடுத்துக்கிட்டு இருக்க!"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. சண்டை பந்தயத்தில் முடிந்தது. மதிய இடைவேளைக்குள் ஒரே ஒருவராவது கடைசிப் பெட்டிவரை வந்தால் என் பெட்டிகள் இருக்கும். இல்லையென்றால் அத்தனையையும் எடுத்துவிடுவான்.

மூன்று வாரம் உட்கார்ந்து எழுதியவை.

காலை பத்து மணிக்குக் கம்ப்யூட்டர் லேபைத் திறந்தார்கள்.

முதலில் வந்த பன்னிரண்டாம் வகுப்பு அண்ணா, ஒன்பது பெட்டிகளை மூன்றே நொடியில் தட்டித் தள்ளினார்.

"அண்ணா, அதுல கதை இருக்கு, படிங்க..."

"கதையா? சண்டை எப்பம்மா வரும்?"

சண்டை வராது என்றதும் எழுந்து போய்விட்டார்.

அடுத்து யாரோ ஒரு மாணவியின் அப்பா. நான்கு பெட்டிகளைப் பொறுமையாகப் படித்தார்! நான் மனதுக்குள் ஜெபம் செய்தேன். ஐந்தாவதில் அவருக்குப் போன் வந்தது.

"மேடவாக்கம் சிக்னல்லயா நிக்கிற? அப்போ இன்னும் அரை மணி நேரம் ஆகும்" என்றபடியே வெளியே போனவர் திரும்பவேயில்லை.

பன்னிரண்டே முக்காலுக்குப் பவானி வந்தாள். ஒன்பதாம் வகுப்பு. சொந்த ஊர் கோவளம், அப்பா மீனவர். இங்கே கீழ்க்கட்டளையில் சித்தி வீட்டில் தங்கிப் படிக்கிறாள்.

அவளும் பெட்டிகளைத் தட்டித் தள்ளினாள். ஆனால் எழுந்து போகவில்லை!

வாசலில் நின்று பார்த்தாள். கரைக்குப் போனாள். மறுபடியும் வாசலுக்கு வந்தாள். கடைசியில் அலைக்கு முன்னால் போய் நின்றதும் நாற்பத்திரண்டாவது பெட்டி திறந்தது.

"கடலுக்குப் போன அப்பாவைக் கடல் திருப்பித் தரவில்லை."

அதை மட்டும் உரக்கப் படித்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அக்கா, இது பொய்யி."

"என்ன பொய்?"

"இவரு கடலுக்கே போவலக்கா. போட்டு கரையில கீது பாரு. இன்ஜினு கதவாண்ட கோணி போட்டு மூடிக் கீது. இன்ஜினை வூட்ல வெச்சுட்டு எவன்னா கடலுக்குப் போவானா?"

கரைக்கு வந்ததும் படகிலிருந்து இன்ஜினைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவார்களாம். எனக்குத் தெரியாது. நவீனுக்கும் தெரியாது. கோவளத்தில் எடுத்த போட்டோவைப் பார்த்து அப்படியே வரைந்திருக்கிறான்!

"வேற யாரோட போட்லயாவது போயிருக்கலாம்ல?" என்றேன். (விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை.)

"அப்போ செருப்பு எங்க? அம்மா செருப்பு கீது, பொண்ணு செருப்பு கீது. எங்கப்பா செருப்ப வூட்டாண்ட வுட்டுட்டுதான் கடலுக்குப் போவும். மாட்டிக்கினு போனா ரோட்டுக்குப் போவுதுன்னு அர்த்தம். இவரு பஸ் ஏறிப் போயிட்டாருக்கா."

நான் நவீனைப் பார்த்தேன்.

"மூணாவது ஜோடி வரைய டைம் இல்ல" என்றான், தரையைப் பார்த்துக்கொண்டே.

மூன்று வாரமாக நான் ஒரு கதை சொல்லிக்கொண்டிருந்தேன். அந்த வீடு வேறொரு கதை சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. அதுதான் நல்ல கதை! மகள் கடலையே பார்த்து நிற்கிறாள். அவரோ அவள் முதுகுக்குப் பின்னால் இருக்கும் சாலை வழியாகப் போயிருக்கிறார்.

"சரி, ஒருத்தி கடைசி வரைக்கும் வந்துட்டா. நீ ஜெயிச்சுட்ட, பெட்டி இருக்கட்டும்" என்றான் நவீன். (பந்தயத்தில் அவன் நேர்மையானவன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.)

நான் கொள்ளுத் தாத்தாவின் புயலை நினைத்துக்கொண்டேன். அழகாக வந்திருந்தது.

"எடுத்துடு" என்றேன்.

"எல்லாத்தையுமா? புயலக்கூடவா?"

"புயலும்தான். சீக்கிரம் எடு, மனசு மாறிடும்!"

மதியத்துக்கு மேல் வந்தவர்களில் பாதிப் பேர் "என்ன கேம் இது, ஒண்ணுமே சொல்லல" என்று எழுந்து போனார்கள். ஆனால் ஏழாம் வகுப்புத் தோழிகள் இருவர் இருபது நிமிடம் நகரவில்லை.

"ஓடிப்போயிட்டாருடி!"

"ஏய், போடி! சிறுசேரில வாட்ச்மேன் வேலை கிடைச்சிருக்கும்!"

இருவரும் செருப்பைக் கவனித்திருந்தார்கள். எனக்கு ஐஸ்கிரீம் சாப்பிட்ட மாதிரி இருந்தது.

ஐந்து மணிக்குப் பவானி மறுபடியும் எட்டிப் பார்த்தாள். கடைசிக் காட்சியைப் பார்த்து உச்சுக் கொட்டினாள்.

"இவ ஏங்கா இன்னும் கடலப் பாத்துக்கினு கீறா? ரோட்டாண்ட திருப்பி வுடு."

நவீன் கோடிங்கில் ஒரே ஒரு எண்ணை மாற்றினான். மகள் திரும்பினாள்.

"அவரு எங்கக்கா போனாரு?"

"தெரியல பவானி" என்றேன். சத்தியமாக எனக்குத் தெரியாது.

உங்களுக்கு என்ன தோன்றுகிறது? எங்கே போயிருப்பார்?

கம்ப்யூட்டர் மிஸ் சாவிக் கொத்தோடு வந்து, "போதும்மா, வீட்ல தேட மாட்டாங்களா?" என்றார். மகள் சாலையைப் பார்த்து நின்ற திரையை மட்டும் அணைக்காமல் நாங்கள் பைகளை எடுத்துக்கொண்டோம். மிஸ் லேபின் விளக்குகளை அணைத்தார்.